தம்பியின் குளமும் அம்மையின் உருளியும்

நேற்றிரவு 8.30 மணிக்குத் தொடங்கிய வீடியோ அழைப்பு 10 மணி வரை நீண்டதற்குத் தம்பி வீட்டுக் குளமே காரணம். டொரோண்டோவில் அப்போது காலை 11 மணி. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸுடன், அவனே வெட்டிய பத்தடிக் குளத்தின் ஓரத்தில் நின்று மேப்பிள் சருகுகளை வலையால் அரித்துக்கொண்டிருந்தான். சருகு அடியில் கிடந்து அழுகினால், மேலே பனிக்கட்டி மூடிய பிறகு கெட்ட வாயு வெளியேற வழியின்றித் தங்கமீன்கள் செத்துவிடுமாம். அதை அவன் விளக்கி முடிக்கும்வரை, சுசீந்திரத்தில் எங்கள் புறவாசலில், ஐப்பசி மழை ஓட்டிலிருந்து பிடரியில் சொட்டச் சொட்ட, நான் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நின்றேன். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் லட்சணம் தெரிந்ததுதானே.

மார்கழியில் 22 டிகிரிக்கே காதைச் சுற்றித் துவர்த்தைக் கட்டிக்கொண்டு தடிமன் பிடித்துவிட்டதாக அறிவிக்கும் அம்மைதான், மைனஸ் 15 டிகிரிக்கு ஆலோசனை வழங்கினார்.

முதல் சச்சரவு தீனியைப் பற்றியது. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் மீனுக்குச் செரிமானம் ஏறக்குறைய நின்றுவிடும் என்பதால், பங்குனி வரை ஒன்றும் போடக்கூடாது என்றான்.

"எலே மக்கா, வாயில்லாச் சீவனைப் பட்டினி போடவா ஒன்னை அங்க அனுப்புனோம்?"

தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும், அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிடும், பனிக்கட்டியோ மேலே மிதக்கும், ஆகவே மூன்றரை அடி ஆழத்தில் மீன்கள் அசையாமல் காலம் தள்ளும் என்று அவன் பாடம் நடத்தினான். ஆண்டுதோறும் சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடக்கும் அம்மை சற்று யோசித்து, அப்படியென்றால் அது விரதம் என்று தீர்ப்பளித்து அடங்கினார்.

பிறகு பனிக்கட்டியில் துளை வைக்கும் விவகாரம் வந்தது. காற்று மோட்டாரும் மிதக்கும் ஹீட்டரும் வாங்கியிருக்கிறான். மின்சாரம் போய்த் துளை மூடிக்கொண்டால் உலக்கையால் ஓர் இடி போதுமே என்றார் அம்மை. இடித்தால் அதிர்ச்சி தண்ணீருக்குள் பரவி மீன்களைத் தாக்கும், கொதிநீர்ப் பாத்திரத்தை மேலே வைத்து உருக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கென எடுத்துவைத்திருந்த பாத்திரத்தைப் பெருமையுடன் காட்டினான்.

அது ஆச்சியின் வெண்கல உருளி. அவன் பெட்டியில் 23 கிலோவுக்குள் அடங்குவதற்காக இரண்டு கால்சட்டைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, சக்கைப் பிரதமன் வைத்துச் சாப்பிடட்டும் என்று அம்மை திணித்தனுப்பியது. அரை நிமிடம் பேச்சே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதென்றே நினைத்தேன்.

"புளி போட்டுத் தேய்க்கவே இல்லியா பிள்ளே? இப்படிக் கறுத்துக் கெடக்கு?"

இந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் சொந்தத் தொட்டி நிரம்பி வழிந்து, அதிலிருந்த ஜிலேபி மீன்கள் ஓடைவழியே பக்கத்து வாழைத்தோட்டத்துக்குக் குடிபெயர்ந்திருந்தன. காலையில் வாளியுடன் சேற்றில் குனிந்து, வாழை மூடு வாழை மூடாகத் தேடி, பதினொன்றை மட்டும் மீட்டு, தும்மிக்கொண்டே வீடு திரும்பினேன். அம்மை என் கையில் கைப்பேசியைத் திணித்து, டொரோண்டோவில் இப்போது எத்தனை டிகிரி என்று பார்க்கச் சொன்னார்.

ஏழு என்றேன். சுக்குக் காப்பி கேட்க நான் வாயெடுப்பதற்குள், மீன்களுக்கு இன்று விரதம் தொடங்கியிருக்கும் என்று சொல்லி, முருகன் படத்தின் முன் விளக்கேற்றப் போய்விட்டார்.