அடிஷாம் பங்களாவில் ஒரு போயா நாள்

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்று சொல்பவர்கள் ஹட்டன் பஸ் நிலையத்தை அந்த நாளில் பார்த்திருக்க மாட்டார்கள். வாரச் சாமான் வாங்கத் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் சனம், லீவு முடிந்து கொழும்புக்குத் திரும்பும் கடைப் பையன்கள், முதுகை வளைக்கும் பைகளோடு டியூஷனுக்கு ஓடும் பிள்ளைகள் என்று ஊர் கொள்ளாத கூட்டம். மேலே திருச்சிலுவை ஆலயத்தில் பூசைக்கு மணி அடிக்கிற நேரத்தில்தான் கீழே தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பும் தொடங்கும். என் மகன் தரம் ஐந்து. முதன்முதல் நற்கருணை வாங்குவதற்கான புதுநன்மை வகுப்பும் அவனுக்கு இதே வருடம்தான், அதுவும் ஞாயிறு காலை. எங்கள் வீட்டில் சனி இரவுகளில் நடக்கும் சண்டைக்குக் காரணத்தை இனி விளக்க வேண்டியதில்லை.

நான் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, பிள்ளையை ஸ்கூல் வான் ஒன்றில் ஏற்றிவிட்டு நான் பஸ் பிடிக்க வேண்டும். மாலையில் கொப்பி திருத்தல். இரவு செபமாலையைக் கையில் எடுத்தால் மூன்றாம் தேவ இரகசியத்துக்கு முன்பே கண் சொருகிவிடும். வேலைக்குப் போகும் எந்தக் கத்தோலிக்கத் தாயைக் கேட்டாலும் கொஞ்சம் கூடக்குறைய இதையேதான் சொல்வாள். செபிக்க ஆசை இல்லாமலில்லை. பகல் முழுவதும் வேலை பிடுங்கித் தின்ற பிறகு மிஞ்சுகிற எச்சில் நேரத்தைத்தானே கடவுளுக்குக் கொடுக்கிறோம் என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்புத்தளையில் கத்தோலிக்கச் சந்நியாசிமார் இருக்கும் அடிஷாம் பங்களாவைப் பற்றி அம்மாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தேயிலைக் கொழுந்து பறித்துப் பென்சன் எடுத்தவர் அவர். தோட்டத்து லய வீட்டை விட்டு எங்களோடு வந்து இருக்கிறார். "எல்லாரும் மடு மாதா கோயிலுக்குப் போறாங்க, நம்ம மலையில இருக்குற எடத்தயும் ஒருக்கா பாத்துட்டு வருவோமே புள்ள" என்றார். சனி, ஞாயிறு, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை, பாடசாலை விடுமுறை நாட்களில்தான் வெளியாட்களை உள்ளே விடுவார்கள். சனி ஞாயிறுக்கு வகுப்பு இருந்ததால் ஒரு போயா நாளைப் பிடித்தோம்.

ஹட்டனில் நைட் மெயில் ஏறினோம். தலவாக்கலை, நானுஓயா எல்லாம் இருட்டிலேயே கழிந்தன. பட்டிப்பொல வந்ததும் மகனைத் தட்டி எழுப்பினேன். 6,200 அடிக்கும் மேலே நிற்கும் அந்த ஸ்டேஷன்தான் இலங்கை ரயில் பாதையின் ஆக உயர்ந்த ஸ்டேஷன் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது, புலமைப்பரிசிலுக்கு வரக்கூடும். (ஆசிரியைப் புத்தி யாத்திரையிலும் விடாது.) அதைத் தாண்டிய சுரங்கத்தைக் கடந்து ஒஹிய பக்கம் இறங்கினால் காலநிலையே வேறாகிவிடும். இந்தப் பக்கம் மூடுபனி, அந்தப் பக்கம் தெளிந்த வானம். இதல்கசின்னவில் விடிந்தது. அம்மா நான் ஏறும்போது பார்த்த அதே நிலையில், கம்பளியைப் போர்த்தியபடி உதடு அசைய உட்கார்ந்திருந்தார். கையில் மணிகள் இல்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புத்தளையில் ஒரு கடையில் பிளேன்டீயும் பருப்பு வடையும். ரயிலடியிலிருந்து பங்களா மூன்று கிலோமீற்றர் போல வரும். பாதித் தூரம் ஓட்டோவில் போய், மீதியைத் தங்கமலைக் காட்டோரமாக நடந்தோம். இரண்டு பக்கமும் மரங்கள் மூடிய பாதை, இடையிடையே குரங்குகள்.

அடிஷாம் பங்களாவைக் கட்டியவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர். கொழும்பில் பெரிய வர்த்தகக் கம்பனி ஒன்றை நடத்தியவர், சட்டவாக்க சபையிலும் இருந்தவர். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் தான் பிறந்த கிராமத்தின் பெயரையே வீட்டுக்கும் வைத்தார். 1931இல் கட்டி முடித்த கருங்கல் மாளிகை. உயர்ந்த புகைபோக்கிகள், ஒடுங்கிய கண்ணாடி ஜன்னல்கள், ரோஜாத் தோட்டம் என்று தன் நாட்டின் ஒரு துண்டை வெட்டி இந்த மலையில் நட்டிருக்கிறார். 1960களின் தொடக்கத்தில் அது சில்வெஸ்திரியன் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவற சபையின் கைக்கு வந்து, புனித ஆசீர்வாதப்பர் மடமாயிற்று. மலையகக் கத்தோலிக்கருக்கு இந்தச் சபை புதிதல்ல. 1845இல் இலங்கைக்கு வந்தவர்கள். கண்டி மறைமாவட்டத்தின் முதல் ஆயர் கிளமென்ட் பஞ்ஞானி இவர்களில் ஒருவர். 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டியில் ஆயராக இருந்துவிட்டு அதன் முதல் ஆயராகப் போன லியோ நாணாயக்காரவும் இந்தச் சபைக்காரர்தான்.

இந்த வரலாறெல்லாம் எனக்குத்தான். அம்மாவுக்கு அது தொரை பங்களா, அவ்வளவுதான்.

முன்வாசலில் மூன்று படி. நானும் மகனும் ஏறிவிட்டோம். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. கட்டிடத்தைச் சுற்றிப் பின்பக்கம், குசினி வாசலைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறார்! ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "இந்தப் பக்கந்தானே நாம போகணும்" என்றார். அவர் வாழ்ந்த தோட்டத்தில் தொரை பங்களாவுக்கு வேலைக்குப் போனவர்கள் பின்வாசலால்தான் போனார்கள். மற்றவர்கள் கேற்றோடு சரி. முன்வாசல் என்பது அவர் காலத்தில் மலைக்காரர்களுக்கு இல்லாத ஒன்று. "அம்மா, இது இப்ப சாமிமார் வீடு, எல்லாரும் முன்னாலதான் போறாங்க" என்று சொல்லிக் கூட்டிவந்தேன். படியில் செருப்பைக் கழற்றினார். கழற்றச் சொல்லி அங்கே யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. வலதுகாலை எடுத்து வைத்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நுழைந்தார். சிற்றாலயத்துக்குள் போகுமுன்பே எனக்குக் கண் கலங்கியது இந்த இடத்தில்தான்.

பங்களா அறைகளில் பார்க்க விடுவது வரவேற்பறையும் நூலகமும்தான். பழைய தளபாடங்களை அப்படியே வைத்திருக்கிறார்கள். படம் எடுக்கவென்று வருபவர்கள்தான் அதிகம். பேசாமல் இருங்கள் என்ற அறிவிப்பை அவர்களில் பாதிப்பேர் கண்டுகொள்வதில்லை. நாங்கள் சிற்றாலயத்தில் கொஞ்ச நேரம் செபித்துவிட்டு வெளியே வந்தோம்.

மடத்தில் ஜாமும் பழச்சாறும் விற்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. தோட்டத்துப் பழங்களில் அவர்களே செய்கிறார்கள். ஸ்ட்ரோபெரி ஜாம் போத்தலின் விலையைப் பார்த்து அம்மா திரும்ப வைத்துவிட்டார், நான் கொய்யா ஜெலி ஒன்று எடுத்தேன். அங்கே நின்ற வயதான சந்நியாசியார் சிங்களவர், ஆனால் நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசினார். மகன் தயங்காமல் கேட்டான்: "ஃபாதர், நீங்க நாள் முழுக்க என்ன செய்வீங்க?"

"செபம், வேலை. வேலை, செபம்" என்று சிரித்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உங்களுக்கு மணி அடித்தால் செபம், எங்களைப் போல வீடும் வேலையுமாக ஓடுகிறவர்கள் எப்போது செபிப்பது என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் எழுதிய சபை ஒழுங்கில் 73 அதிகாரங்கள் இருக்கின்றன, அதில் ஐம்பதாவதைப் பாருங்கள் என்றார். தூரத்தில் வேலை செய்யும் சகோதரர் செபநேரத்துக்குக் கோயிலுக்கு வந்து சேர முடியாவிட்டால், வேலை செய்யும் இடத்திலேயே முழந்தாளிட்டு அந்தச் செபத்தைச் செய்யட்டும் என்று அங்கே இருக்கிறதாம். முப்பத்தோராவது அதிகாரத்தில் இன்னொன்று. பண்டகசாலைக்குப் பொறுப்பானவர் மடத்தின் சட்டி பானை, மண்வெட்டி எல்லாவற்றையும் பீடத்துப் பாத்திரங்களைப் போல நினைக்க வேண்டுமாம். "அதனால் இந்த ஜாம் போத்தலும்..." என்று தொடங்கினார்.

மணி அடித்தது. அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. கையிலிருந்த மிச்சக் காசை மேசையில் வைத்தார், தலையை அசைத்தார், போய்விட்டார். கடையில் இன்னும் ஆட்கள் நின்றார்கள். வேறொருவர் வந்து கவனித்தார்.

ரோஜாத் தோட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். ஐம்பதாவது அதிகாரம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பஸ்ஸில் செபித்தாலும் அடுப்படியில் செபித்தாலும் போதும் என்றுதானே அர்த்தம் என்றேன் அம்மாவிடம். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னதை ஏறக்குறைய அப்படியே தருகிறேன்:

"நாங்க மலையில நின்னுகிட்டேதான் ஐம்பத்துமூன்று மணி சொன்னோம். ரெண்டு கையும் கொழுந்துல இருக்கும், செபமாலைய எங்க புடிக்கிறது? ஒரு செடிக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. பத்து செடி முடிஞ்சா ஒரு பிதாவுக்கும். நெர முடியிறதுக்குள்ள செபமாலயும் முடிஞ்சிரும். ஆனா அது நெனச்ச நேரத்துக்குச் சொல்றது இல்ல. காலையில கொழுந்து நிறுக்குற முதல் நிறுவைக்கு முந்தி. அந்த நேரம்னா அந்த நேரம்தான். கங்காணி கத்துனாலும் மழை ஊத்துனாலும். சும்மா வேலையே செபம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா கடைசியில வேலதான் இருக்கும். அந்தச் சாமி மணி அடிச்சோன்ன பேச்ச வுட்டுட்டு எந்திரிச்சுப் போனாரே, அத நீ பாக்கலையா?"

ரயிலில் வெறுங்கையோடு அவர் உதடு அசைந்தது இப்போதுதான் எனக்கு விளங்கியது. இருட்டில் தெரியாத தேயிலைச் செடிகளை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்.

இன்னொன்றும் சொன்னார். அவர் வேலை செய்த மலையில் ஒரு மரத்தடியில் கல் ஒன்று உண்டு. மற்றப் பெண்கள் கூடையை மாட்டுமுன் அதற்குக் கும்பிடு போடுவார்கள். அம்மா பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொள்வாராம். அவர்கள் முடிக்கும்வரை இவர் காத்திருப்பார், இவர் முடிக்கும்வரை அவர்கள். அந்தத் தோட்டத்துச் சிற்றாலயத்துக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் பூசைக்கு வருவார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபம் நடத்துவார். அப்படியிருந்தும் பெருநாள், அந்தோனியார் செவ்வாய், தவக்கால வெள்ளி எதையும் மறந்ததில்லை என்றால் காரணம் மரத்தடியில் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் என்று எனக்குப் படுகிறது. மறையுரைகளில் நாம் கேட்பது பெரும்பாலும் நேரம் ஒதுக்குங்கள் என்ற புத்திமதி. தோட்டத்துப் பெண்களுக்கு ஒதுக்க நேரமே இருந்ததில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, நிறுவை, சாப்பாட்டு நேரம், கடைசி நிறுவை என்று தோட்டம் அவர்கள் நாளை ஏற்கனவே கூறு போட்டு வைத்திருந்தது. அந்தக் கோடுகளிலேயே அவர்கள் செபத்தைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆசீர்வாதப்பரின் சபை ஒழுங்கைத் தேடி வாசித்தேன். நாற்பத்து மூன்றாவது அதிகாரம் அம்மாவின் பக்கம் நிற்கிறது. செபத்துக்கு அழைப்புக் கேட்டதும் கையில் எது இருந்தாலும் விட்டுவிட்டு விரைந்து வர வேண்டும், இறைவேலைக்கு மேலாக எதையும் வைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஐம்பதாவதை நான் எனக்கு வசதியான மாதிரிக் கேட்டிருக்கிறேன். இடத்தைத்தான் அது தளர்த்துகிறது, நேரத்தை அல்ல.

அதனால் இப்போது பாடசாலை மணியை நான் எடுத்துக்கொண்டேன். இடைவேளை மணி அடிக்கும்போது வகுப்பறை வாசலில் நின்றபடி, சந்நியாசிமார் ஒவ்வொரு வேளைச் செபத்தையும் தொடங்கும் திருப்பாடல் வரி, எனக்கு உதவி செய்ய விரைந்து வாரும் என்ற அதை, ஒருமுறை சொல்வேன். பிறகு ஒரு பத்து மணி. விரல்களில்தான். சில நாள் மூன்றாவதிலேயே ஒரு பிள்ளை மூக்கில் இரத்தத்தோடு வந்து நிற்கும், அன்றைக்கு அவ்வளவுதான். மாலையில் கடைசி மணிக்கு இன்னொரு தடவை. இரவுச் செபமாலையைச் சோற்றுக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டோம். பசி இருக்கும்போது யாரும் தூங்குவதில்லை என்பது அம்மாவின் கண்டுபிடிப்பு. அது சரியாகவே வேலை செய்கிறது. மகன் மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை விவகாரம் இன்னும் இழுபறி. சனி மாலைப் பூசைக்குப் போகலாமே என்று நான் சொன்னதற்கு அம்மா முகம் கொடுக்கவில்லை. புதுநன்மை வகுப்பையும் அது தீர்க்காது. விசாரித்துப் பார்த்ததில் இந்தத் தலையிடி எங்களுக்கு மட்டுமல்ல. இந்துப் பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் கோயிலில் அறநெறி வகுப்பு இருக்கிறது, அவர்களும் அதைத்தான் விடுகிறார்கள். அந்தத் தாய்மாரும் நாங்களும் சேர்ந்து டியூஷன் சேரிடம் போய், வகுப்பை மத்தியானத்துக்கு மாற்றித் தரச் சொன்னோம். மத்தியானம் அந்த மண்டபத்தில் உயர்தர வகுப்பு நடக்கிறதாம், அடுத்த தவணையில் பார்ப்போம் என்றிருக்கிறார். அதுவரை மகன் அம்மாயியோடு முதல் பூசைக்கும் புதுநன்மை வகுப்புக்கும் போய்விட்டு, கணக்குப் பாடம் பாதி நடந்த பிறகு வகுப்பில் நுழைகிறான். விட்ட பாதியை இரவில் நான் சொல்லிக்கொடுக்கிறேன். பின்னம் வந்தால் மட்டும் அம்மா இடையில் புகுந்து, ரொட்டியைப் பிய்த்து விளக்குகிறார். பாடம் முடிவதற்குள் ரொட்டி முடிந்துவிடுகிறது.