அப்பா காட்டிய வடக்கு

மகளுக்கு அறிவியல் வீட்டுப்பாடம். இரண்டு சட்டக் காந்தங்களுக்கு நடுவே காந்தப்புலம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வரைய வேண்டுமாம். "இதெல்லாம் அப்பாவுக்கு ஜுஜுபி" என்று வாயை விட்டேன்.

இரும்புத் தூளுக்காகக் கிரில் பட்டறைக்குப் போனேன். "கேட் செய்ய வருவாங்க, கம்பி கேட்டு வருவாங்க. பெருக்கிக் கொட்டுற தூளைக் கேட்டு வந்தது நீங்கதான் சார்" என்று பட்டறைக்காரர் ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பரிதாபப்பட்டிருக்க வேண்டும்.

காந்தங்கள் மேல் சார்ட் அட்டையை வைத்து, தூளைத் தூவி, விரலால் மெல்லத் தட்டினோம். இழுத்துக்கொள்ளும் முனைகளை எதிரெதிரே வைத்தபோது தூள் கோடு கோடாகப் பாலம் கட்டியது. ஒன்றைத் திருப்பி வைத்தோம். செல்லோடேப் போட்டுத்தான் நிறுத்த முடிந்தது. இப்போது கோடுகளெல்லாம் பந்தியில் முறைத்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி வளைந்து விலகிப் போயின. நட்டநடுவில் மட்டும் தூளுக்கு எந்த வரிசையும் இல்லை. இரண்டு புலமும் அங்கே ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன.

"அந்த முதல் படத்துல வடக்கு முனை எதுப்பா? அம்புக்குறி போடணும்."

காந்தத்தில் பூசியிருந்த சிவப்பு எப்போதோ உரிந்துவிட்டது. தூளை உற்றுப் பார்த்துவிட்டு, "இடது பக்கம்" என்றேன், கணீரென்று. பேனாவால் அம்பு போட்டுவிட்டாள். அப்புறம்தான் கேட்டாள்: "தூளைப் பார்த்து எப்படிப்பா தெரிஞ்சது?"

தெரியாது என்பதுதான் உண்மை. ஒவ்வொரு துகளும் குட்டிக் காந்தமாகி, ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். ரயில் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லாது. வடக்கும் வடக்கும் முறைத்தாலும், தெற்கும் தெற்கும் முறைத்தாலும் ஒரே படம்தான்.

சரி, காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டால் தானாக வடக்கு தெற்காக நிற்குமே! ஜன்னல் பக்கத்தில் தொங்கவிட்டேன். அது வடக்கையும் பார்க்கவில்லை, தெற்கையும் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியில் போய் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

மொட்டை மாடிக்குப் போய் நைலான் கொடியில் கட்டினோம். பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மாமி, "திருஷ்டிக்கா? எலுமிச்சம்பழம் கிடைக்கலையா?" என்றார். காந்தம் ஆடி ஆடி ஒருவழியாக நின்றது. சூரியன் இறங்கும் பக்கத்தை வைத்து திசையைக் கணக்குப் பார்த்தோம். நான் வடக்கு என்று அடித்துச் சொன்ன முனை, தெற்கைப் பார்த்து நின்றது.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. கீழே போய் ஒயிட்னரை எடுத்தாள்.