பாசையூர் மீனும் ஒரு பிடி ஒடியல் மாவும்

நாகப்பட்டினத்தில் காலையில் கப்பல் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு இலங்கையின் காங்கேசன்துறை, யாழ்ப்பாணத்துத் துறைமுகம். 2023 அக்டோபரில் தொடங்கி, கொஞ்ச நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய சேவை அது. போன மார்ச்சில் போனேன். கூட வந்தவர்களில் பாதிப் பேர் தலைசுற்றிச் சாய்ந்துவிட்டார்கள். தூத்துக்குடிக்காரன் என்கிற வீம்பில் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வயிறு என்ன பாடுபட்டது என்பது எனக்குத்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் தங்கியது நல்லூர்ப் பக்கம், பழைய நண்பனின் அம்மா வீட்டில். முற்றத்தில் ஒரு சாக்கை விரித்து, நெடுக்காகப் பிளந்த பனங்கிழங்கைக் காயப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரிலும் பனைக்குப் பஞ்சமில்லை. பொங்கல் சமயத்தில் கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நார் உரித்துத் தின்போம். எங்கள் வீட்டில் கதை அதோடு முடிந்தது. இங்கே அங்கிருந்துதான் தொடங்குகிறது. பச்சைக் கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், சும்மா கடித்துத் தின்ன. ஒடியலை இடித்து மாவாக்கினால், அது கூழுக்கு.

கூழ் என்றதும் நான் கம்பங்கூழை நினைத்துவிட்டேன். அம்மா சிரித்தார். “இது மீன் கூழ் தம்பி. நாளைக்குக் காய்ச்சுவம். மீன் நீங்கள்தான் வாங்கி வரோணும்.”

மறுநாள் நண்பனோடு பாசையூர்ச் சந்தைக்குப் போனேன். கடல்நீரேரி ஓரம், நனைந்த தரை, ஏலக் குரல்கள், காலடியில் பூனைகள். ஊர் மாறினாலும் மீன் சந்தையின் முகம் மாறுவதில்லை. நல்ல விளைமீன் இரண்டு எடுத்தால் போதும் என்று நினைத்தேன். போனில் அம்மா விடவில்லை. “கூழுக்கு ஒரு மீன் காணாது தம்பி. பெரிய மீன்தலை ஒண்டு, நண்டு, இறால், கணவாய் எல்லாம் வேணும். முள்ளுக் கூடின மீன் வேண்டாம். கூழுக்குள்ள முள்ளுத் தேடேலாது.” கடைசியில் பை நிறைய, ஐந்து கிலோவுக்குக் குறையாது.

அடுப்பு வீட்டுக்குப் பின்னால், மூன்று கல். பானை பெரியது. மதியமே அம்மா ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்திருந்தார். மா அடியில் தங்கியதும் மேலே நிற்கும் தண்ணீரை வடிப்பார், புதுத் தண்ணீர் விடுவார், மறுபடி வடிப்பார். ஒடியலில் ஒரு கைப்பு உண்டு, அது இப்படித்தான் போகும். பக்கத்தில் இரண்டு அக்காமார் செத்தல் மிளகாயை, அதாவது காய்ந்த மிளகாயை, அம்மியில் வைத்து விழுதாக அரைத்தார்கள். அந்த நெடியில் எனக்கு மூன்று தும்மல்.

போடும் வரிசைதான் எல்லாம். கொதிக்கிற தண்ணீரில் முதலில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு. மூன்றும் வேக நேரம் எடுப்பவை. கிழங்கு பாதி வெந்த பிறகு பயற்றங்காய், மீன்தலை, நண்டு. அப்புறம் இறால், கணவாய். இஞ்சி தட்டிப் போடலாமா என்று கேட்டேன். அம்மா பதறிவிட்டார். மரவள்ளியோடு இஞ்சி சேரவே கூடாதாம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் வாதாடவில்லை. எல்லாம் வெந்ததும் புளியும் மிளகாய் விழுதும் கரைத்த ஒடியல் மாவும். அந்த நிமிடம்தான் வேடிக்கை. அதுவரை மீன் ரசம் மாதிரி ஓடிக்கொண்டிருந்த பானை, துடுப்பைச் சுற்றச் சுற்றக் கனத்து, சேற்று நிறத்தில் குமிழி விடத் தொடங்கியது. கடைசியாக ஒரு கை முருங்கை இலை. எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை, தாளிப்பும் இல்லை. எங்கள் வீட்டு மீன் குழம்பு தேங்காய் அரைத்து ஊற்றி, மறுநாள்தான் ருசி கூடும். கூழை அன்றே, அடுப்படியிலேயே தீர்த்துவிட வேண்டும்.

இருட்டும்போது அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். பச்சைப் பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் அகப்பையால் ஊற்றித் தந்தார்கள். விளிம்பில் வாய் வைத்து உறிஞ்சினால், சூட்டோடு ஓலை வாசனையும் சேர்ந்து வருகிறது. பிறகுதான் உறைப்பு. “மூக்கால வடிஞ்சால்தான் கூழ்” என்றார் பக்கத்து வீட்டு ஐயா. வடிந்தது. தேங்காய்ச் சில்லு ஒன்றைக் கடித்துக்கொண்டு இன்னொரு பிளா வாங்கினேன். நண்டுக் காலைக் கடிக்கிற சத்தத்தைத் தவிர, கொஞ்ச நேரம் அங்கே பேச்சே இல்லை.

கிளம்பும்போது அரைக் கிலோ மா கட்டித் தந்தார் அம்மா. ஊருக்கு வந்த முதல் ஞாயிறே காய்ச்சினேன். அவசரத்தில் மாவை ஊறவைக்காமல், கொதிக்கிற பானையில் அப்படியே தூவினேன். கோலிக்குண்டு மாதிரி கட்டி கட்டியாக நின்றது. வாயில் வைத்தால் தொண்டை வரை கைப்பு. என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். அத்தனை இறாலும் வீண். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இரண்டாம் முறை மதியமே ஊறவைத்து மூன்று தண்ணீர் மாற்றினேன். பலாக்கொட்டை கிடைத்தது, பிளா இல்லை. எவர்சில்வர் டம்ளரில் குடித்து உதடு சுட்டது. மற்றபடி கூழ் கூழாக வந்தது. பெருமை தாங்காமல் அன்றிரவே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“எத்தினை பேர் குடிச்சனியள்?” என்றார்.

“நாலு பேர் அம்மா.”

“நாலு பேருக்கு ஆரும் கூழ் காய்ச்சுவினமோ?”