எருசலேமில் யாக்கோபின் ஆசனம்

எருசலேம் பழைய நகரத்தின் யாஃபா வாசலில் நுழைகிற கூட்டம் பெரும்பாலும் நேராகச் சந்தைத் தெருவில் இறங்கி, இயேசுவின் கல்லறைத் தேவாலயத்தைத் தேடிப் போய்விடுகிறது. வலப்புறம் கோட்டையை ஒட்டித் திரும்பினால் ஆர்மீனியர் குடியிருப்பு. நம் ஊர்ப் புனித நாட்டுப் பயணக் குழுக்கள் இந்தப் பக்கம் வந்து நான் பார்க்கவில்லை. நான் வந்தது ஒரு நாற்காலியைப் பார்ப்பதற்காக.

புனித யாக்கோபு பேராலயம் நினைத்த நேரத்தில் திறந்திருக்காது. பிற்பகல் வழிபாட்டு நேரத்தைப் பார்த்துப் போக வேண்டும். வாசல் மண்டபத்தில் நீளமான மரப்பலகையும் இரும்புப் பட்டையும் சங்கிலியில் தொங்குகின்றன. முஸ்லிம் ஆட்சியில் ஆலய மணி அடிக்கத் தடை இருந்த காலத்து ஏற்பாடு அது. தடை போய்விட்டது, பலகை போகவில்லை. மூன்று மணி நெருங்கும்போது ஓர் இளைஞர் வந்து சுத்தியலால் அதைத் தட்டினார். முதலில் நிதானமாக, பிறகு விரைவாக, ஏதோ தாளக்கட்டோடு. கதவின் கனத்த திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனோம்.

உள்ளே வெளிச்சம் மிகக் குறைவு. கூரையிலிருந்து இறங்கும் எண்ணெய் விளக்குகள், அவற்றின் சங்கிலிகளில் கோத்த முட்டை வடிவப் பீங்கான் மணிகள், தூண்களின் கீழ்ப்பகுதியில் நீல ஓடுகள். பெஞ்சுகள் இல்லை, தரையெங்கும் கம்பளம். கட்டடம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டு யாக்கோபுகளுக்கும் சேர்த்து எழுப்பிய ஆலயம் இது. ஒருவர் செபெதேயுவின் மகன், இயேசுவின் முதன்மைச் சீடர்களான பன்னிருவரில் ஒருவர். கி.பி. 44ஐ ஒட்டி அரசன் ஏரோது அகிரிப்பாவின் வாளுக்கு இரையானவர். அவருடைய தலை இடப்புறச் சிற்றாலயத்தில் இருப்பதாக ஆர்மீனியர்கள் நம்புகிறார்கள். மற்றவர் இயேசுவின் சகோதரர் யாக்கோபு. பலிபீடத்தின் அடியில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருப்பதாக மரபு.

பலிபீடத்துக்கு அருகே இரண்டு ஆசனங்கள். அவற்றில் ஒன்று இந்த இரண்டாவது யாக்கோபுக்கு உரியது. எருசலேம் ஆர்மீனியத் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தை வழக்கமாக அமர்வது மற்றதில். இப்போது நாம் காண்பது யாக்கோபு உட்கார்ந்த மரம் அல்ல, அது தெரிந்ததுதான். ஆனால் 4ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியஸ், யாக்கோபின் நாற்காலி தம் காலத்திலும் எருசலேமில் பாதுகாக்கப்பட்டு வந்ததாகக் குறிப்பிடுகிறார். திருச்சபையின் முதல் தலைவராகப் பலர் எண்ணும் பேதுருவின் நாற்காலிக்கு ரோமில் சிற்பி பெர்னினி வெண்கலத்தில் செய்த பிரம்மாண்டத்தைப் படத்திலாவது பார்க்காதவர் குறைவு. இந்த நாற்காலியை யார் கேட்டிருக்கிறார்கள்?

இத்தனைக்கும் இந்த யாக்கோபு பன்னிருவரில் ஒருவர் அல்ல. இயேசு ஊர் ஊராகப் போதித்த நாட்களில் அவருடைய சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் வெளிப்படையாகவே எழுதுகிறார். உயிர்த்தெழுந்தவர் யாக்கோபுக்குத் தரிசனமானார் என்கிறார் பவுல். அதற்குப் பிறகு எருசலேம் சபையின் தலைவராகவே யாக்கோபைப் பார்க்கிறோம். சபையின் தூண்களாக எண்ணப்பட்டவர்களைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் வரிசைப்படுத்துகிறார்: யாக்கோபு, கேபா, யோவான். கேபா என்பது பேதுருதான். பெயர் இரண்டாவது இடத்தில் இருக்கிறது.

ஏறத்தாழ கி.பி. 49இல் கூடிய எருசலேம் ஆலோசனைக் கூட்டத்திலும் அப்படித்தான். புறஜாதியிலிருந்து, அதாவது யூதர் அல்லாதாரிலிருந்து, வருகிறவர்கள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்பது வழக்கு. வாக்குவாதம் முற்றுகிறது. பேதுரு எழுந்து வேண்டாம் என்கிறார். பர்னபாவும் பவுலும் தங்கள் ஊழியத்தில் நடந்ததைச் சொல்கிறார்கள். பஞ்சாயத்தில் எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு ஊர்ப் பெரியவர் வாய் திறப்பதைப் போல யாக்கோபு பேசுகிறார். ஆமோஸ் தீர்க்கதரிசியை மேற்கோள் காட்டி, புறஜாதியாரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தம் தீர்மானத்தை அறிவிக்கிறார். சிலைகளுக்குப் படைத்தது, விபசாரம், நெரித்துக் கொன்றதன் இறைச்சி, இரத்தம் ஆகியவற்றை மட்டும் விலக்கச் சொல்லிக் கடிதம் அந்தியோகியாவுக்குப் போகிறது. ஆனால் அந்தக் கடிதம் யாக்கோபின் பெயரில் போகவில்லை. அப்போஸ்தலர், மூப்பர் எல்லோருடைய பெயரிலும் போகிறது. தீர்ப்பைச் சொன்னவர் கையெழுத்தில் ஒதுங்கி நிற்கிறார். எனக்கு அவர் மீது மதிப்பு கூடிய இடம் இதுதான்.

மதிப்புக்கு மறுபக்கமும் உண்டு. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். 'யாக்கோபினிடத்திலிருந்து' சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொள்கிறார். பர்னபாவும் கூடச் சேர்ந்து விலகுகிறார். எல்லோர் முன்னிலையிலும் பவுல் பேதுருவை முகத்துக்கு நேராகக் கண்டிக்கிறார். வந்தவர்களை யாக்கோபே அனுப்பினாரா, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார்களா என்பதைப் பவுல் விளக்கவில்லை. எப்படியிருந்தாலும், அந்தப் பெயரைக் கேட்டதும் பேதுருவே தட்டை நகர்த்தி வைக்கும் அளவுக்கு அதற்குக் கனம் இருந்திருக்கிறது.

கி.பி. 62இல், ரோம ஆளுநர் பெஸ்து இறந்து அடுத்தவர் வந்து சேராத இடைவெளியில், தலைமை ஆசாரியன் அனனுஸ் யாக்கோபைக் கல்லெறிந்து கொல்ல வைத்தான். இதை எழுதி வைத்த ஜொசிபஸ் கிறிஸ்தவர் அல்ல, யூத வரலாற்றாசிரியர். சட்டத்தில் கண்டிப்பான யூதர்களே இந்தக் கொலையைக் கண்டு கொதித்தார்கள் என்றும், அனனுஸ் பதவி இழந்தான் என்றும் அவர் சொல்கிறார். அடுத்த தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிமியோனும் இயேசுவின் உறவினர்தான் என்பது யூசேபியஸ் தரும் செய்தி. குடும்ப வாரிசு முறை என்று முகம் சுளிக்கலாம். அந்தப் பதவியில் அன்று கிடைத்தது கல்லடிதான்.

வழிபாடு முடிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையின் புனித மாற்கு மடம். மாற்குவின் தாய் மரியாளின் வீடு இதுதான் என்பது அவர்கள் மரபு. சிறையிலிருந்து தப்பிய பேதுரு நள்ளிரவில் வந்து கதவைத் தட்ட, வேலைக்காரப் பெண் ரோதே மகிழ்ச்சியில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடிய கதை இந்த வீட்டைப் பற்றியது. உள்ளே வந்ததும் பேதுரு சொன்னது, இதை யாக்கோபுக்கும் சகோதரருக்கும் அறிவியுங்கள் என்பது. பிறகு வேறொரு இடத்துக்குப் புறப்பட்டுப் போனார் என்று புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் நூல் முடித்துக்கொள்கிறது. அந்த இடம் ரோம்தான் என்றும், தலைமை அன்றே அங்கே குடிபெயர்ந்துவிட்டது என்றும் வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே பேதுரு எருசலேமில், யாக்கோபு இருந்த கூட்டத்தில், தம் முறைக்கு எழுந்து பேசுகிறார்.