ஆர்க் கோப்புக்குள் செஷன்: எங்கே சிக்கும், ஏன் சிக்கும்

மொரிஷியஸின் வாக்வாவில் பெய்த மழையையும் தலைநகர் போர்ட் லூயியில் பெய்ததையும் ஒப்பிடும் பாடக்குறிப்பு ஒன்றை, ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியின் ஆர்க் மோடில் (உரையும் ஓடும் நிரலும் ஒரே கோப்பில் இருக்கும் முறை) எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிரல்துண்டு தரவைப் படிக்கும், இரண்டாவது கூட்டும், மூன்றாவது படம் வரையும். மூன்றுக்கும் ஒரே நினைவு வேண்டும் என்பதால் ஒவ்வொரு துண்டின் தலைப்பு வரியிலும் ‘:செஷன் மழை’ என்று சேர்ப்பீர்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

செஷன் என்பது கோப்புக்கு வெளியே ஓடும் தனிச் செயலி. ஈமாக்ஸ் அதனிடம் முனையத்தில் உட்கார்ந்த ஆளைப் போலத்தான் பேசுகிறது. நிரலை அனுப்பிவிட்டு, கடைசியில் ஓர் அடையாளச் சொல்லை அச்சிடச் சொல்லி, அது திரும்பி வரும்வரை காத்திருக்கும். கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த ஏற்பாட்டின் பிள்ளைகள்.

அதிகம் அடிபடுவது ஷெல், அதாவது கட்டளை முனையம். எஸ்எஸ்எச் (வேறு கணினிக்குள் நுழைவது), எஃப்எஃப்எம்பெக் (வீடியோவை மாற்றுவது) போன்றவை உள்ளீட்டைத் தாமே உறிஞ்சும். அடுத்த வரிகளோடு அந்த அடையாளச் சொல்லையும் விழுங்கிவிடும். ஈமாக்ஸ் வராத விருந்தாளிக்காகக் காத்துக் கிடக்கும். கன்ட்ரோல்-ஜி அடித்து மீளலாம். நிரந்தர மருந்து, அந்தக் கட்டளையின் உள்ளீட்டை டெவ்-நல் என்ற வெற்றுக் கோப்பிலிருந்து கொடுப்பது; எஃப்எஃப்எம்பெக்குக்கு ‘நோஸ்டிடின்’ என்ற தேர்வே உண்டு.

பைத்தானில் வெற்று வரி. ஃபங்ஷனுக்கு நடுவே ஒரு வரி விட்டால், ஊடாடு முனையம் அதோடு ஃபங்ஷன் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். மிச்ச வரிகளுக்கு இன்டென்டேஷன் (உள்தள்ளல்) பிழை. முடிவில் வரி விடாவிட்டால் அதுவும் பிழை! புதிய ஆர்க் பதிப்புகள் இதைப் பெரும்பாலும் சரிசெய்துவிட்டன. தீராதது ‘ரிட்டர்ன்’ குழப்பம்: செஷன் இல்லாத துண்டு ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து ஓட்டப்படுவதால், மதிப்பு வேண்டுமானால் ரிட்டர்ன் எழுத வேண்டும். செஷனில் அதே சொல் பிழை. கடைசி வரியில் கோவையை (எக்ஸ்பிரஷன்) மட்டும் விட்டால் போதும்.

நீண்ட கணக்குக்கு, ஈமாக்ஸைக் காக்க வைக்காத ‘:அசிங்க் யெஸ்’ உண்டு, பைத்தானுக்கு ஆர்க் 9.5ஆம் பதிப்பிலிருந்து. முதலில் ஒரு நீண்ட குறி வந்து விழும், விடை பிறகு அதன் இடத்தில் அமரும். அவசரப்பட்டு அந்தக் குறியை அழித்தால் விடை வந்து சேர இடமிருக்காது.

மொரிஷியஸில் பிரெஞ்சு அமைப்பில் உள்ள விண்டோஸ் கணினிகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். எக்செல் சேமிக்கும் சிஎஸ்வியில் பிரிப்பான் அரைப்புள்ளி, தசமம் காற்புள்ளி. இரண்டையும் பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸிடம் சொல்லியாக வேண்டும். தசமத்தைச் சொல்ல மறந்தால் 12,5 என்பது எழுத்துச் சரமாகவே நிற்கும். கூட்டச் சொன்னால் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிழைச்செய்திகூட வராது. அடுத்தது, தமிழை அச்சிட்டால் ‘சார்மேப்’ என்ற எழுத்துக்குறியாக்கப் பிழை. பைத்தான்-யூடிஎஃப்8 என்ற சூழல் மாறியை 1 ஆக்குங்கள், அதுவும் செஷன் தொடங்கும் முன்பே. ஓடிக்கொண்டிருக்கும் செயலி பிறகு வைத்த மாறியைத் திரும்பியும் பார்க்காது. வேலை நடக்கும் கோப்புறையைச் சொல்லும் ‘:டிர்’ மாற்றினாலும் இதே கதைதான்.

(நம் மொரிஷியஸ் ரூபாய் நோட்டுகளில் தமிழ் எண்கள் இருப்பதால் ஓர் இடைக்குறிப்பு: பைத்தானின் ‘இன்ட்’ ௨௦௦ என்பதை 200 என்று ஒழுங்காகப் படிக்கும். நூறைக் குறிக்கும் ௱ கொடுத்தால் மறுத்துவிடும்; அதற்கு பைத்தானின் யூனிகோட்-டேட்டா தொகுதியிலுள்ள ‘நியூமெரிக்’ வேண்டும்.)

ஆகக் கெட்டது, பிழையே காட்டாதது. இரண்டாவது துண்டில் ஒரு மாறியின் பெயரை மாற்றுகிறீர்கள். பழைய பெயர் செஷனில் உயிரோடு இருப்பதால் மூன்றாவது துண்டு நிம்மதியாக ஓடும். கோப்பு பொய் சொல்கிறது, விடை மட்டும் சரி. புயல் நாளில் மின்சாரம் போனால் நிலைமை தலைகீழ்: விடைகள் கோப்பில் அப்படியே இருக்கும், மாறிகள் ஒன்றும் மிஞ்சாது. நிரல் மாறாதவரை பழைய விடையையே வைத்துக்கொள்ளும் ‘:கேஷ்’ இதற்கு உதவாது. அது நிரலையும் தலைப்பு வரியையும் வைத்தே முடிவெடுக்கும். செஷனின் நிலை அதற்குத் தெரியாது.

ஆகவே கோப்பை யாருக்காவது அனுப்பும் முன், செஷன் பஃபரை (செஷன் ஓடும் ஈமாக்ஸ் சாளரத்தின் உள்ளடக்கம்) கொன்றுவிட்டு கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி, பி (b) அடியுங்கள்; எல்லாத் துண்டும் மேலிருந்து வரிசையாக ஓடும். ஓடி முடித்தபின் ‘:இவால் நெவர்-எக்ஸ்போர்ட்’ வைத்தால், பிடிஎஃப் ஆக்கும்போது இன்னொரு முறை ஓடி விடைகளைக் குழப்பாது.