மூங்கிலில் வெட்டும் எழுத்து: நான்காம் மாதக் கணக்கு

நாவலுக்காக ஒரு மொழியை உருவாக்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது "கிளிக்கி மாதிரியா?" என்றுதான். இல்லை. கிளிக்கி 'பாகுபலி' படத்துக்காக, நடிகர்கள் வாயால் பேசி, நம் காதில் விழுவதற்காகச் செய்த மொழி. என் நாவலில் வரும் மலைவாசிகளின் பேச்சை யாரும் கேட்கப்போவதில்லை, தமிழ் எழுத்தில் அச்சான பக்கத்தில் கண்ணால் படிக்கப்போகிறார்கள், அவ்வளவுதான். இது எனக்கு உறைக்கவே இரண்டு மாதம் ஆனது. அதற்குள் ஒரு நோட்டு வீண்.

வீணான கதையைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ச் சாயல் வரக்கூடாது என்று ழ, ள, ண மூன்றையும் முதல் நாளே தூக்கிவிட்டேன். பதிலுக்கு, 'பந்து'வில் வரும் ப வேறு, 'பஸ்'ஸில் வரும் ப வேறு, இரண்டும் பொருளை மாற்றும் என்று வைத்துக்கொண்டேன். ஒரு 'பாரா' சகோதரன், இன்னொரு 'பாரா' எதிரி. சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அத்தியாயத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒரே பாரா! போதாக்குறைக்கு நமக்குப் பாரா என்றால் காவல் என்று வேறு ஒரு பொருள் இருக்கிறது. 

அடுத்த அடி ங-வில் விழுந்தது. தமிழில் ங-வில் தொடங்கும் சொல் கிட்டத்தட்ட இல்லை, அதனால் அந்நியமாக ஒலிக்கும் என்று நம்பி ஆற்றுக்கு 'ஙேலு', தாய்க்கு 'ஙேமா' என்று பெயர் வைத்தேன். நாயகி தாயின் பிணத்தருகே உட்கார்ந்து "ஙேமா, ஙேமா" என்று அழும் காட்சியை நண்பனிடம் படிக்கக் கொடுத்தேன். சிரி சிரியென்று சிரித்தான். மாத நாவல்களில் "ஙே என்று விழித்தான்" படித்து வளர்ந்த தலைமுறை, வேறென்ன செய்யும்.

சரி, தலைகீழாகப் போவோம் என்று முடிவெடுத்தேன். தமிழ் எழுத்து எதையெல்லாம் பிரித்துக் காட்டுகிறதோ அதை மட்டுமே என் மொழியும் பிரிக்கும். குறில் நெடில், ல ள ழ, ர ற, ஒற்று இரட்டிப்பது, இவ்வளவும் அச்சில் பளிச்சென்று தெரியும். தூக்கி எறிந்த மூன்றையும் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அந்நியத் தன்மையை எழுத்து எங்கே வருகிறது என்பதில் கொண்டுவந்தேன்: ழ சொல்லின் முதலில் வரலாம், தமிழில் அது வராது. 'ழேலு' என்று ஆற்றை எழுதியதும் அது வேற்றூர் ஆறாகிவிட்டது. இப்போது மெய் 17, உயிர் குறிலும் நெடிலுமாகப் பத்து.

இலக்கணத்தில் முதல் வரைவு கேவலம். தமிழ் வாக்கியத்தை எழுதி ஒவ்வொரு சொல்லையும் மாற்றியிருந்தேன், வேற்றுமை உருபு உட்பட அதே இடத்தில். அது மொழியில்லை, சங்கேதம். வினையை முன்னால் கொண்டுபோனதும் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழியைப் பற்றிப் படித்தேன். பேசுகிறவர் நேரில் அறிந்த செய்திக்கு ஒரு ஒட்டு, பிறர் சொல்லிக் கேட்டதற்கு வேறு ஒட்டு. அடடா, இதுவல்லவா புதுமை என்று எழுதி வைத்துவிட்டு எழுந்தால், அடுப்படியில் அம்மா போனில் "அவனுக்குப் பொண்ணு பாத்துட்டாங்களாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த 'ஆம்' வேறென்ன? நமக்கு அது வேண்டுமானால் போட்டுக்கொள்வது, என் மலைவாசிகளுக்குக் கட்டாயம். கண்டால் 'னி', கேட்டால் 'மு', ஊகித்தால் 'ழை'. 'தொறனி ஆழெ' என்றால் அரசன் வந்தான், நான் பார்த்தேன். 'தொறமு ஆழெ' என்றால் வந்தானாம்.

இந்த ஒட்டு கதையையே மாற்றிவிட்டது. தூதன் வந்து 'முளினி ஆழெ' என்கிறான்: அரசன் இறந்தான், கண்ணால் கண்டேன். அன்றிரவு தூதன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தான், எதையும் கண்டிருக்க முடியாது என்பது நாயகிக்குத் தெரியும். 'முளிமு' என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் வாசகருக்கு அந்த இடத்தில் பொறி தட்ட வேண்டுமே, அதற்காக முதல் எட்டு அத்தியாயங்களில் சின்னச் சின்ன பேச்சுகளில் னி-யும் மு-வும் தூவிக்கொண்டிருக்கிறேன். உப்பு விலை, ஆடு காணாமல் போனது, அப்படி. இந்த வேலைதான் பெரிய வேலை.

எழுத்துக்கு வருகிறேன். முதலில் வரைந்தது சுழி சுழியாக, அழகாக இருந்தது. "இதை எதில் எழுதுவாங்க?" என்றான் அதே நண்பன். பதில் இல்லை. ஓலையில் நார் நீளவாக்கில் ஓடும், அதன் போக்கில் எழுத்தாணியை அழுத்தி இழுத்தால் கிழியும், அதனால் ஓலையில் எழுதிய ஊர்களில் எழுத்து உருண்டது என்பார்கள். என் ஆட்களின் மலையில் பனை ஏது? மூங்கில்தான், கையில் கத்திதான். பந்தல் போடுகிறவரிடம் ஒரு துண்டு வாங்கிவந்து, பேனாக்கத்தியால் என் அழகுச் சுழியை வெட்டிப் பார்த்தேன். தோல் வழவழவென்று இருக்கிறது, கத்தி வளைவில் பாதி போனதும் நாரின் போக்கில் சறுக்கி நேராக ஓடியது, மூன்றாவது முயற்சியில் கட்டைவிரலில் நின்றது. சுழி அத்தோடு முடிந்தது. குறுக்கு வெட்டும் சாய்வு வெட்டும் நன்றாக விழுகின்றன. சுமத்திராவில் மூங்கிலில் வெட்டிய ரெஜாங் எழுத்துகள் கோணம் கோணமாக இருப்பது அப்போதுதான் புரிந்தது. இத்தனைக்கும் அவையும் பல்லவர் எழுத்தின் வழி வந்தவை என்கிறார்கள். 

புள்ளியை விட்டுவிட்டேன். மதுரைக்குப் பக்கத்திலுள்ள மாங்குளம் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டுகளில் குறியில்லாத எழுத்தை மெய்யாகவும், பக்கக்கோடு போட்டால் அகரமாகவோ ஆகாரமாகவோ படிக்க வேண்டும். அந்த யோசனையைக் கடன் வாங்கினேன். வெறும் வெட்டு மெய், பக்கத்தில் சின்ன கீறல் விழுந்தால் உயிர்மெய், இரட்டைக் கீறல் நெடில். கரியும் நல்லெண்ணெயும் குழைத்துத் தேய்த்துத் துணியால் துடைத்தால் கீறல்கள் மட்டும் கறுப்பாக நிற்கும். முதல்முறை 'ஆழெ' தெரிந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

கணினி எழுத்துரு பாதியில் நிற்கிறது. இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் வரைந்து, ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் ஏற்றி, யூனிகோடில் தனிப் பயன்பாட்டுக்கு விட்டிருக்கும் இடத்தில் வைத்தேன். 6,400 இடம் இருக்கிறது, எனக்கு 30 போதும். கீறல்கள் மெய்யோடு சரியாக ஒட்டவில்லை, நெடில் போட்டால் அடுத்த எழுத்தின் மேல் ஏறுகிறது. 

சொற்கள் 212 ஆகியிருக்கின்றன. பழைய ஊர்ப்பெயர்களில் ப இருக்கும், இன்றைய பேச்சில் அது தேய்ந்து ஹ ஆகிவிட்டது என்று ஒரு விதி சேர்த்திருக்கிறேன், நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆன மாதிரி. வரைபடத்தில் 'பெதன்' கோட்டை, அங்கே வாழ்கிறவன் வாயில் 'ஹெதன்'. எண்களை இன்னும் தொடவில்லை. மூங்கில் பச்சையாக இருந்ததால் காய்ந்ததும் நீளத்துக்கு வெடித்துவிட்டது, அம்மா அதைத் தக்காளிச் செடிக்கு ஊன்றியிருக்கிறார். நாளை பந்தல்காரரிடம் காய்ந்த துண்டாகக் கேட்க வேண்டும்.