இருட்டில் எண்ணியவர்கள்

நேற்று ராத்திரி கரண்ட் போனதும் மகள் மெழுகுவத்தி தேட எழுந்தாள். "இரும்மா, கொஞ்ச நேரம் அப்படியே உட்காரு" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் ஜன்னல் கம்பி தெரிந்தது. அப்புறம் அவள் மடியில் இருந்த அறிவியல் புத்தகத்தின் ஓரம்.

அவள் படித்துக்கொண்டிருந்தது ரூதர்ஃபோர்டின் தங்கத் தகடு சோதனை. புத்தகப் படத்தில் அம்புக்குறிகள் இருக்கின்றன. இருட்டு இல்லை.

1909, மான்செஸ்டர். ரூதர்ஃபோர்டின் உதவியாளர் கைகரும் 20 வயது மாணவர் மார்ஸ்டனும் கண் பழகும்வரை இருட்டறையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதன் பிறகுதான் வேலையே. நுண்ணோக்கி வழியே துத்தநாக சல்பைடு திரையைப் பார்க்க வேண்டும். கதிரியக்கப் பொருளிலிருந்து சீறிவரும் ஆல்பா துகள் ஒன்று திரையில் மோதினால் ஊசிமுனை அளவுக்கு ஒரு மங்கல் மினுக்கு. கண்ணிமைத்தால் போச்சு. அதை ஒவ்வொன்றாக எண்ணினார்கள்.

தங்கத் தகட்டின் மேல் பாய்ச்சிய துகள்களில் பெரும்பாலானவை நேராக ஊடுருவிப் போயின. ஆனால் சில திரும்பி வந்தன. தங்கத்துக்குப் பதில் பிளாட்டினத்தை வைத்தபோது, ஏறத்தாழ 8,000-க்கு ஒன்று.

கண் அசதி என்று அந்த ஒன்றைத் தள்ளிவிடவில்லையே! அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

1911-இல் ரூதர்ஃபோர்டு காரணம் சொன்னார்: அணுவின் நிறை கிட்டத்தட்ட முழுவதும் நடுவில், ஒரு சின்னஞ்சிறு கருவில்; அதை மிக நெருங்கிய துகள்தான் திரும்புகிறது. அணுவின் குறுக்களவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது அந்தக் கரு.

"அப்போ மீதியெல்லாம் காலியாப்பா?" என்று உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள்.

கரண்ட் வந்தது. எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு, மறுபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.